அளவும் விலையும்

ஒருவர்க்கு விலையின்றி வழங்கும் பொருளை அளந்து வழங்குதல் அவரை இழிவுபடுத்துவதாகுமா? கேட்ட அளவில் எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. வீட்டிற்கு வந்த விருந்தினரின் இலையில் எத்தனை கரண்டி சோறு விழுந்தது என்று எண்ணுபவனை உலகம் கருமி என்றே சொல்லும். அவனே ஒரு கோயிலின் நெற்களஞ்சியத்திற்குப் பொறுப்பாளனாக இருந்து, அன்னதானத்திற்கு எத்தனை மூட்டை சென்றது என்று எழுதி வைக்காவிடில், அதே உலகம் அவனைக் கள்வனோ என்று ஐயுறும். இரண்டு இடங்களிலும் கொடுக்கப்படுவது சோறுதான். முதலிடத்தில் அவன் தன் பொருளைக் கொடுக்கிறான். இரண்டாமிடத்தில் பிறர் பொருளைக் கொடுக்கிறான். அரசு கொடுப்பவை யாவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

தமிழகத்தில் உழவர்க்கு அரசு வழங்கிவரும் இலவச மின்சாரத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்வேறுபாடு நினைவில் இருத்தல் வேண்டும். அம்மின்சாரத்தின் பொருட்டு ஆட்சிகள் ஆட்டம் கண்டன, உயிர்களும் போயின. நகர்ப்புறத்தில் மின் கட்டணம் உயரும்போதெல்லாம் பழைய மனக்கசப்பு ஒன்று மீண்டும் தலைதூக்குகிறது: "நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் இலவசமாக ஓட்டுகிறார்கள்."

இக்கசப்பை நம் புறநகர்களில் நன்றாகவே கேட்கலாம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் உள்ள பெரும்பாக்கம், ஏரியும் நெல்வயலும் உடைய சிற்றூராக இருந்தது. இன்று அங்கே வயல் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், பெரிய மருத்துவமனையும், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்காக வாரியம் எழுப்பிய எட்டுத் தளக் கட்டடங்களில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. உழவு அற்றுப்போன ஊர் ஆதலால், இங்குள்ள வாக்காளர் மின்சாரக் கணக்கில் கட்டும் பக்கத்தில் மட்டுமே நிற்பவராக ஆகிவிட்டார்.

2022 செப்டம்பர் 10 முதல் உயர்த்தப்பட்ட கட்டணம் இவ்வட்டாரத்தில் உண்டாக்கிய மனக்குறை சிறிதன்று. அடுக்குமாடிகளின் மாடிப்படி விளக்குக்கும், மின்தூக்கிக்கும், நீரேற்றும் மோட்டாருக்கும் தனி வீதம் விதிக்கப்பட்டு, யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் என்றாயிற்று. பலரும் முறையிட்ட பின்னர், 2023 அக்டோபரில், மின்தூக்கி இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், வெயிற்காலத்தில் 500 யூனிட் எல்லையைச் சற்றே தாண்டிய குடும்பத்துக்கு வீதப்பட்டியலே மாறிவிடுவது இன்னொரு குறை. மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதப்பட்டது மக்களுக்கு நன்றாக நினைவிருந்தது. வாக்குறுதி கொடுத்தவர் மறந்தாலும் பெற்றவர் மறப்பதில்லை.

இம்மனக்குறையில் நியாயம் உண்டு. அதனை உழவர்மீது திருப்புவதில்தான் நியாயம் பிழைபடுகிறது. நம்மவருள் பெரும்பாலோர் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் உழுதுண்டு வாழ்ந்த குடியினர். படித்துப் பணியேற்றுத் தாம்பரத்தைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு ஊரில் தமையனோ தம்பியோ நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மின் இணைப்புகள். ஒன்றில் ஓடும் மீட்டர் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணி விலை சொல்கிறது. மற்றொன்று எதையும் எண்ணுவதில்லை. ஆகவே "நாம்", "அவர்கள்" என்ற பிரிவினை நம் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே உடைந்து போகிறது.

இந்த இலவசம் எவ்வாறு வந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் நலம். 1970இல் உழவர் மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. இரண்டு பைசாதானே என்று கோட்டையில் இருந்தோர் எண்ணியிருக்கலாம். ஆழ்கிணற்றிலிருந்து நீர் இறைத்துப் பருத்தியும் புகையிலையும் விளைவித்த கொங்கு நாட்டு உழவர்க்கு அது சுமையாயிற்று. அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று உழவர் உயிரிழந்தனர். பின்னர் ஒரு பைசா குறைக்கப்பட்டது. 1972இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது, வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் உழவர்கள் மாட்டு வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டி வந்து வீதிகளை நிறைத்து நிறுத்தினர். எவரையும் தாக்காமல், வண்டிகளை அவிழ்த்துவிட்டு அமர்ந்ததாலேயே ஒரு நகரத்தின் இயக்கம் நின்றது. அறப்போர் வரலாற்றில் அது உரிய இடத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். ஆயினும் அவ்வாண்டுகளில் குண்டுகள் பாய்ந்தது பெருமாநல்லூரோடு நிற்கவில்லை. 1978இல் வேடசந்தூரிலும் உழவர் மாண்டனர். 1970களின் தொடக்கத்தில் ஆண்டது ஒரு கட்சி, 1978இல் ஆண்டது மற்றொரு கட்சி என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜூலை 5ஆம் நாளை உழவர் அமைப்புகள் இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூர்கின்றன.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. நாயுடு அவர்கள் மறைந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேயே. 1990இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதனை விரித்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 1970இல் வழக்கு யூனிட் கணக்கில் இருந்தது. அஃதாவது கிணற்றடியில் மீட்டர் இருந்தது. குதிரைத்திறன் கணக்கில் மொத்தக் கட்டணம் என்றும், பின்னர் கட்டணமே இல்லை என்றும் ஆனபோது மீட்டருக்கு வேலையற்றுப் போயிற்று. விலையை நீக்கியபோது அளவையும் சேர்த்து நீக்கிவிட்டனர். விலையை நீக்குமாறு உழவர் உயிர் கொடுத்துக் கேட்டனர். அளவை நீக்குமாறு அவர்கள் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அது எவருடைய கவனத்திற்கும் வராமலே நிகழ்ந்தது.

2003ஆம் ஆண்டில் ஜெயலலிதா அரசு இலவசத்தை நிறுத்தி, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று கட்டணம் விதித்தது. சிறு குறு விவசாயிகளுக்கு ஈடாக ரொக்க உதவி தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. கணக்குப் பார்ப்போர்க்கு இது குற்றமற்ற ஏற்பாடாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அது மழை பொய்த்துக் காவிரி வறண்டிருந்த காலம். கொடுப்போம் என்ற ரொக்கம் நாளைக்கு. கட்டச் சொன்ன பணம் இன்றைக்கு. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. முடிவு வெளியான சில நாட்களில், அதே மே மாதத்தில், இலவச மின்சாரம் திரும்ப வந்தது. ஆந்திரத்திலும் அதே மாதத்தில் ஆட்சி மாறியது, ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முதல்வராகி இட்ட முதற் கையெழுத்து இலவச மின்சாரத்திற்கே. அங்கே 2000ஆம் ஆண்டில் ஐதராபாத்து பஷீர்பாகில் மின் கட்டண உயர்வை எதிர்த்த ஊர்வலத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூடு மக்கள் மனத்திலிருந்து மறையவில்லை.

2004இன் தோல்விக்கு மின்சாரம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. அரசு ஊழியர் பணிநீக்கம் முதலிய பல செயல்கள் மக்கள் சினத்தில் கலந்திருந்தன. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியதும் அவற்றுள் ஒன்று. தேர்தலுக்கு முன்னரே அச்சட்டம் நீக்கப்பட்டது. நம் வாசகர் பலர்க்கு அத்தடை மகிழ்ச்சி அளித்திருக்கும். நல்லதொரு செயலையும், மக்களை மனம் மாறச் செய்யாமல் ஆணையால் மட்டும் நிறுத்த முற்பட்டால், அது கட்டண உயர்வோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டு ஆற்றில் எறியப்படும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

வாக்காளரின் சினம் ஒரு தீர்ப்பு என்கிறோம். ஆனால் அத்தீர்ப்பை எழுத இரண்டே சொற்கள் உண்டு: வேண்டும், வேண்டாம். "எவ்வளவு" என்ற சொல் வாக்குச்சீட்டில் இல்லை. 2008 முதல் நாடெங்கும் மின்வெட்டு வாட்டியதால் மக்கள் வெகுண்டு 2011இல் ஆட்சியை மாற்றினர்; மாறி வந்த ஆட்சி 2012 ஏப்ரல் முதல் கட்டணத்தைப் பெரிதும் உயர்த்தியது. மக்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. உலகில் பிற இடங்களிலும் இதே நிலைதான். எரிபொருள் வரியை எதிர்த்து 2018 நவம்பரில் பிரான்சு நாட்டு மக்கள் மஞ்சள் அங்கி அணிந்து தெருவுக்கு வந்தனர். உழவர்க்கான டீசல் சலுகையைக் குறைப்பதை எதிர்த்து 2024 ஜனவரியில் செருமானிய உழவர் டிராக்டர்களைப் பெர்லினுக்கு ஓட்டினர். முதலில் கைவிடப்பட்டது வரி. பின்னதில் சலுகைக் குறைப்பு படிப்படியாக ஆக்கப்பட்டது. எரிபொருளை யார் எவ்வளவு பயன்படுத்துவது தகும் என்ற வினா இரண்டு இடங்களிலும் விடையின்றியே நின்றது.

உழவர் பக்கத்து வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்காமல் அவர்மீது தீர்ப்புச் சொல்வது முறையன்று. "இலவசம் என்ற சொல்லே பொய்" என்பர் அவர்கள். நெல்லை அரசு லெவியாகக் கொள்முதல் செய்த காலத்தில், மாவட்ட எல்லை தாண்டி விற்கவும் தடை இருந்தது. நகரத்தான் குறைந்த விலைக்கு அரிசி உண்ணும்பொருட்டு உழவன் தன் விளைவைச் சந்தை விலைக்குக் கீழே கொடுத்தான். அவ்வாறு வாங்கிக்கொண்டதில் ஒரு பகுதியே மின்சாரமாகத் திரும்புகிறது. கால்வாய்ப் பாசனத்துக்கு அரசு பெருஞ்செலவில் அணை கட்டித் தருகிறது. கிணற்றுப் பாசனத்தான் தன் கைப்பணத்தில் கிணறு தோண்டுகிறான். அவனுக்கு மின்சாரம் தருவது மட்டும் எப்படிச் சலுகையாகும்? இவ்வாதத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் நியாயவிலை அரிசி வாங்காதவர்கூட, நாட்டில் அரிசி விலை அடக்கி வைக்கப்பட்டதன் பயனை நுகர்ந்தவரே.

ஆயின் இவ்வாதத்தால் விலையின்மைக்கு நியாயம் கிடைக்கிறதேயன்றி, அளவின்மைக்கு நியாயம் கிடைப்பதில்லை. அளவின்மையால் முதலில் நலிவோர் உழவருள்ளேயே எளியோர். மோட்டார் இல்லாத ஏரிப்பாசனத்தானுக்கு இம்மின்சாரத்தில் பங்கு இல்லை. நிலமற்ற கூலியாளுக்கு இல்லை. இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் எண்ணிக்கை 2021இல் நான்கு இலட்சத்துக்கும் மேல் இருந்தது. தட்கல் முறையில் இலட்சக்கணக்கில் பணம் கட்டியவர்க்கு முன்னுரிமை கிடைத்தது. விலையில்லாப் பொருளின் வாயிலில் நுழைவுக் கட்டணம்! பக்கத்து நிலத்தில் ஆயிரம் அடி ஆழ்துளையில் நீர்மூழ்கி மோட்டார் இறங்கும்போது, நாற்பது அடிக் கிணற்றை நம்பியிருந்த சிறு உழவனின் ஊற்று நின்றுவிடுகிறது. அவன் யாரிடமும் வழக்காட முடியாது. எவ்வளவு நீர் போயிற்று என்பதற்குச் சான்று இல்லை. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழகத்தின் 1,166 குறுவட்டங்களுள் 462 வட்டங்கள் ஊறுவதைவிட மிகுதியாக நீர் இறைப்பவை என்று வகைப்படுத்தப்பட்டன.

நகரத்தாரும் இதில் குற்றமற்றவர் அல்லர். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளுக்குக் குழாய்நீர் வராத ஆண்டுகளில் நீர் எங்கிருந்து வந்தது? புறநகருக்கு அப்பாலுள்ள ஊர்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து டாங்கர் லாரிகளில் வந்தது. உழவுக்கென்று தரப்பட்ட மின்சாரத்தால் இறைத்த நீரில் குளித்துவிட்டு, உழவருக்கு ஏன் இலவசம் என்று கேட்பது பொருந்துமா?

அளவின்மையின் இன்னொரு விளைவு பலர் அறியாதது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் மீட்டர் இன்றி இருக்கும்போது, அவை எவ்வளவு மின்சாரம் உண்டன என்பது மதிப்பீடாகவே சொல்லப்படுகிறது. கம்பியில் கசிந்ததும், வேறெங்கோ திருடப்பட்டதும் அம்மதிப்பீட்டுக்குள் ஒளிந்துகொள்ள இடமுண்டு. ஹரியானாவில் உலக வங்கி நடத்திய ஆய்வொன்று, உழவர் பெயரில் எழுதப்பட்ட அளவைவிட அவர்கள் உண்மையில் பயன்படுத்தியது குறைவு என்று 2001இலேயே காட்டியது. அங்ஙனமாயின், உண்ணாத சோற்றுக்கும் உழவன் பழி சுமக்கிறான். அவன் உண்டது இவ்வளவே என்று சொல்லும் சாட்சி மீட்டர் ஒன்றுதான். அந்தச் சாட்சியையே அவன் அஞ்சுகிறான்.

ஏன் அஞ்சுகிறான்? மீட்டர் இன்று வந்தால் விலை நாளை வரும் என்று அவன் கருதுகிறான். அக்கருத்து மூடத்தனம் அன்று. 2003ஐ நேரில் கண்டவனின் முன்னறிவு. தில்லி எல்லையில் 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்த உழவர்கள் மூன்று வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் கைவிடுமாறு கேட்டதும் இவ்வச்சத்தாலேயே. மானியத்தைப் பின்னர் வங்கிக் கணக்கில் செலுத்துவோம், முதலில் கட்டணத்தைக் கட்டுங்கள் என்று சொல்லும் அரசை அவர்கள் நம்பவில்லை. கணக்குக் கேட்பவனிடம் நம்பிக்கை இல்லாதபோது, கணக்கே பகையாகிவிடுகிறது.

இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த நோன்புகளுள் பொருள் வரைதல் என்பதொன்று. துறவியைப்போல் எல்லாவற்றையும் விடுமாறு அது இல்லறத்தானைக் கேட்பதில்லை. நிலம் இவ்வளவு, நெல் இவ்வளவு, கால்நடை இவ்வளவு என்று தானே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லை வகுக்க வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். அந்நோன்பில் எண்ணுபவனும் எண்ணப்படுபவனும் ஒருவனே. ஆகையால் அங்கே இழிவும் இல்லை, அச்சமும் இல்லை. அரசு வைக்கும் மீட்டரில் இவ்விருவரும் வேறாகி விடுகின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது.

பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டமொன்று இவ்விடரைச் சற்றே அவிழ்த்துப் பார்த்தது. 'நீரைச் சேமி, பணம் ஈட்டு' என்பது அதன் பெயரின் பொருள். விரும்பிச் சேர்ந்த உழவரின் கிணற்றில் மீட்டர் வைத்து, இலவச அளவு இவ்வளவு என்று வரையறுத்தனர். அதனினும் குறைவாகப் பயன்படுத்தியவர்க்கு மிச்சமான யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் கொடுத்தனர். மிகுதியாகப் பயன்படுத்தியவரிடம் ஒன்றும் வாங்கவில்லை. மீட்டர் அங்கே உழவனிடம் பணம் கேட்கும் கருவியாக இல்லை. அவனுக்குப் பணம் கொடுக்கும் கருவியாயிற்று. அது ஆறு மின்வழித் தடங்களில் தொடங்கிய சிறு முயற்சிதான். பெருநிலம் உடையவர்க்கும் அதே நன்மையா என்பது போன்ற வினாக்கள் அதிலும் உண்டு. எனினும் அளவும் விலையும் பிரிக்க முடியாத இரட்டையர் என்ற எண்ணத்தை அது பொய்யாக்கியது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்திலேயே மிகுதியான வாக்காளர்களைக் கொண்டிருந்தது பெரும்பாக்கம் உள்ளடங்கிய சோழிங்கநல்லூர் தொகுதி. இத்தனை பேர் வாழும் இடத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் கட்டணத்தைக் குறைப்பீர்களா என்று மட்டும் கேட்டால், குறைப்போம் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போவார். விலை வராது என்று சட்டத்தில் எழுதிவிட்டு மீட்டர் வைப்பீர்களா, அதன் கணக்கை ஊருக்கு ஊர் வெளியிடுவீர்களா, மின்வாரியத்தின் கடன் ஓர் இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதில் கசிவின் பங்கு எவ்வளவு, உழவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவீர்களா என்று கேட்டால் அவர் சற்று நின்று எண்ண நேரிடும்.

அரசு மீட்டர் வைக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பல ஆண்டுகள் தமிழக உழவர்க்கு மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரமும் இரவில் 3 மணி நேரமும் என்று வந்தது. எப்போது வரினும் ஓடட்டும் என்று தானியங்கி விசையைப் போட்டுவிட்டு உறங்கப் போவது அக்காலத்தில் பழக்கமாயிற்று. மின்சாரம் எந்நேரமும் வரத் தொடங்கிய பின்னும் அப்பழக்கம் சில கிணறுகளில் நீடிக்கிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 3.7 யூனிட். நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் 22 யூனிட். இரு மாதங்களில் 1,300 யூனிட்டுக்கு மேல். புறநகர் வீட்டில் 500ஐத் தாண்டிவிட்டதே என்று கவலையுறும் தம்பி, ஊரிலுள்ள தமையனோடு அமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மோட்டார் அறையின் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, ஓடிய மணியையும், மாதம் ஒருமுறை கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்த நீர்மட்டத்தையும் குறித்து வந்தால் போதும். அக்குறிப்பை எந்த அலுவலருக்கும் காட்டவேண்டியதில்லை.